தண்டவாளத்திற்கா, எஞ்சினுக்கா கட்டளை?



எங்கள் பள்ளி நூலகத்தின் பின்னறையில் பழைய மேசைப்பந்து மேசை ஒன்று கிடக்கிறது. முன்னாள் மாணவர் ஒருவர் தம் தந்தையாரின் நினைவாக ஒரு பெட்டி நிறைய மாதிரி இரயில் தண்டவாளங்களையும் நான்கு எஞ்சின்களையும் பள்ளிக்கு வழங்கினார். அவற்றை அந்த மேசைமீது பரப்பி, புறப்பாட நடவடிக்கையாக ஒரு சிறு கழகம் தொடங்கினோம். முதல் நாளே ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் இரண்டு எஞ்சின்களை ஒரே தடத்தில் வைத்துக் குமிழைத் திருகினான். இரண்டும் ஒன்றாகக் கிளம்பின. நிறுத்தினான், இரண்டும் ஒன்றாக நின்றன.

"ஐயா, அத நிறுத்திட்டு இத மட்டும் ஓட்ட முடியாதா?"

"ஒன்றை எடுத்துக் கீழே வை தம்பி" என்றேன். அவன் முகம் வாடியது. ஆசிரியர் சொல்லும் விடைக்கும் கேட்ட கேள்விக்கும் தொடர்பில்லாதபோது பிள்ளைகளின் முகம் எப்படி மாறும் என்பது நம் அனைவருக்கும் தெரியும்!

பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஏறத்தாழ அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டது. "எந்த முறையில் கம்பி இணைக்கப் போகிறீர்கள்? பணம் ஒருமுறைதான் தர முடியும். பிறகு மாற்ற வேண்டும் என்று வந்து நிற்கக் கூடாது." நியாயமான பேச்சு. எனவே முடிவு செய்வதற்கு முன் படிக்கத் தொடங்கினேன். அந்தச் சிறுவனின் கேள்விக்குச் சரியான விடை காண்பதற்கு மாதிரி இரயில் உலகம் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது என்பது படிக்கப் படிக்கத்தான் புரிந்தது.

சாவியும் மின்விளக்கும்

1891-ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் வணிகச் சந்தையில் மெர்க்லின் நிறுவனம் எட்டு வடிவத் தண்டவாளத்தில் ஓடும் பொம்மை இரயிலைக் காட்சிக்கு வைத்தது. தண்டவாளங்களுக்கு இடையிலான அகலத்திற்கு எண்கள் கொடுத்து, துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளும் வழியையும் அது வகுத்தது. அந்த இரயில்கள் சாவி கொடுத்தால் ஓடுபவை. கவனியுங்கள், அவற்றின் ஆற்றல் எஞ்சினுக்குள்ளேயே சுருள்வில்லாக இருந்தது. ஒரே தடத்தில் ஐந்து எஞ்சின்களை வைத்தாலும் ஐந்தும் தனித்தனியாகத்தான் ஓடும். ஆனால், ஓடத் தொடங்கிய பின் அதன்மீது நமக்கு எந்த அதிகாரமும் இல்லை. சுருள் தளரும் வரை ஓடும், பிறகு தானே நிற்கும்.

மின்சாரம் வந்தபோது ஆற்றல் எஞ்சினை விட்டு வெளியேறித் தண்டவாளத்திற்குக் குடிபெயர்ந்தது. இனி குமிழைத் திருகி வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால், தண்டவாளத்தில் பாயும் மின்சாரத்திற்கு இந்த எஞ்சின், அந்த எஞ்சின் என்ற வேறுபாடு கிடையாது. எங்கள் மாணவன் கண்ட சிக்கல் அன்றே பிறந்துவிட்டது.

தொடக்க காலத்தில் உயிருக்கே ஆபத்தான முறைகளும் இருந்தன. வீட்டு மின்சாரத்தை நடுவில் ஒரு மின்விளக்கின் வழியாகச் செலுத்தி அப்படியே தண்டவாளத்திற்கு அனுப்புவார்கள். விளக்கு மின்தடையாக நின்று மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும். ஆனால், குழந்தை கை வைக்கும் தண்டவாளம் வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில்தான் இருந்தது. இங்கிலாந்தில் ஹார்ன்பி நிறுவனம் 1925-இல் வெளியிட்ட முதல் மின்சார இரயிலும் இவ்வகைதான். மின்மாற்றி கொண்டு மின்னழுத்தத்தைக் குறைக்கும் முறை விரைவில் இடம்பிடித்தது. மெர்க்லின் 1926-இல் 20 வோல்ட் முறைக்கு மாறியது. இதை எழுதும்போது என் பாட்டி வீட்டுப் பழைய சுவிட்ச் பலகையை நினைத்துக்கொள்கிறேன். அந்தத் தலைமுறை எப்படித்தான் தப்பிப் பிழைத்ததோ!

அமெரிக்காவில் ஜோஷுவா லயனல் கோவன் 1900-இல் தொடங்கிய லயனல் நிறுவனம் 1906 முதல் மூன்று தண்டவாள முறையைப் பரப்பியது. நடுத் தண்டவாளம் ஒரு முனை, வெளித் தண்டவாளங்கள் இரண்டும் சேர்ந்து மறுமுனை. உண்மையான இரயிலைப் போலத் தோன்றாது என்பது உண்மையே. ஆயினும் அதில் ஒரு பெரும் வசதி இருந்தது. தடம் வளைந்து வந்து தன்னோடு தானே சேர்ந்தாலும் நடுத் தண்டவாளம் நடுத் தண்டவாளத்தோடுதான் சேரும். குறுக்குச்சுற்று ஏற்படாது. இரண்டே தண்டவாளம் உள்ள முறையில் அவ்வாறு சுற்றி வந்தால் இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தைத் தொட்டுவிடும். அந்தத் தலைவலி இன்றும் தீரவில்லை.

அக்காலப் பொம்மை இரயில்களில் பெரும்பாலானவை மாறுதிசை மின்னோட்டத்தில் ஓடியதால் முன்னும் பின்னும் செல்லவைப்பதும் கடினமாக இருந்தது. அமெரிக்காவின் ஐவ்ஸ் நிறுவனம் இதற்கு ஓர் அழகான வழி கண்டது. மின்சாரத்தை ஒரு கணம் நிறுத்தி மீண்டும் கொடுத்தால் எஞ்சினுக்குள் இருக்கும் சிறு உருளை ஒரு படி சுழலும். முன்னே, நில், பின்னே, நில் என்று வரிசையாக மாறும். ஐவ்ஸ் 1928-இல் நொடித்துப்போனபோது லயனல் முதலிய போட்டி நிறுவனங்கள் அதை வாங்கிக்கொண்டன. லயனலுக்கு அந்த வணிகத்தில் கிடைத்த மிகப் பெரிய செல்வம் இந்தச் சிறு உருளைதான் என்பார்கள். எனக்கு இதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. மின்சாரம் விட்டு வருவதை எஞ்சின் ஒரு செய்தியாகப் படித்துக்கொண்டது அல்லவா? எஞ்சினுக்கு நேரடியாகக் கட்டளை தரும் எண்ணத்தின் விதை அங்கேயே விழுந்துவிட்டது.

நியூரெம்பெர்க் நகரின் விடை

1935-இல் ஜெர்மனியின் நியூரெம்பெர்க் நகரிலிருந்து ட்ரிக்ஸ் எக்ஸ்பிரஸ் என்னும் சிறிய இரயில் வெளிவந்தது. ஸ்டெஃபான் பிங் என்பவர் நடத்திய நிறுவனம் அது. அவர்களும் மூன்று தண்டவாளம்தான் வைத்தார்கள். ஆனால், மூன்றையும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் பிரித்துவிட்டார்கள். நடுத் தண்டவாளம் இருவருக்கும் பொது. முதல் எஞ்சின் இடது தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும், இரண்டாவது எஞ்சின் வலது தண்டவாளத்திலிருந்து எடுக்கும். இரண்டு கட்டுப்பாட்டுப் பெட்டிகள், இரண்டு ஓட்டுநர்கள், ஒரே தடம்!

எங்கள் மாணவன் கேட்டது இதைத்தான். இங்கிலாந்தில் இந்த இரயிலுக்கு 'ட்ரிக்ஸ் ட்வின்' என்றே பெயர் சூட்டினார்கள். இரட்டை என்பதே அதன் பெருமை. ஆனால், இரண்டுக்கு மேல் போக வேண்டுமானால் தலைக்குமேல் மின்கம்பி கட்டி அதிலிருந்து மூன்றாவது எஞ்சினை ஓட்டலாம். அத்தோடு சரி. தண்டவாளங்களின் எண்ணிக்கையே எஞ்சின்களின் எல்லை.

பிங் யூதர். ஹிட்லர் ஆட்சியில் அவர் தம் நிறுவனத்தைக் கைவிட்டு இங்கிலாந்துக்குச் செல்ல நேர்ந்தது. குழந்தைகள் இருவர் சண்டையின்றி ஒரே தடத்தில் விளையாட வழி செய்த மனிதருக்குத் தம் சொந்த ஊரில் இருக்க இடமில்லாமல் போனது.

ஒரு கட்டத்தில் ஒரு வண்டி

பின்னர் வலிமையான நிலைக்காந்தங்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கின. 12 வோல்ட் நேர்த்திசை மின்னோட்டம் பொதுவழக்காயிற்று. முனைகளை மாற்றினால் எஞ்சின் திசை மாற்றும். ஐவ்ஸ் உருளை தேவையில்லை. நடுத் தண்டவாளமும் மெல்ல மறைந்தது. 1938-இல் மூன்று தண்டவாளத்தோடு பிறந்த ஹார்ன்பி டப்ளோ 1959-இல் இரண்டு தண்டவாளத்திற்கு இறங்கி வந்தது. பார்வைக்கு உண்மையான இரயில்தான்! ஆனால், ட்ரிக்ஸ் கண்ட விடை இதனால் கைநழுவியது. இரண்டே தண்டவாளம் என்றால் ஒரே மின்சுற்று. பழையபடி இரண்டு எஞ்சினும் சேர்ந்து ஓடும்.

இதற்கான விடை உண்மையான இரயில்பாதையிலிருந்து வந்தது. தொடக்ககால இரயில்களைக் கடிகாரத்தை நம்பி விட்டார்கள். ஒரு வண்டி போய் இத்தனை நிமிடம் ஆனால் அடுத்த வண்டி போகலாம் என்பது விதி. முன்னே சென்ற வண்டி வழியில் நின்றுவிட்டால் பின்னே வருபவருக்கு எப்படித் தெரியும்? 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் ஆர்மா அருகே மேட்டில் ஏற முடியாமல் பிரிக்கப்பட்ட சுற்றுலா இரயிலின் பின்பகுதி உருண்டு இறங்கிப் பின்னால் வந்த வண்டியில் மோதியது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உட்பட 80 பேர் மாண்டனர். அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பிளாக் முறையைச் சட்டமாக்கியது. பாதையைக் கட்டங்களாகப் பிரிப்பது, ஒரு கட்டத்தில் ஒரு வண்டி மட்டுமே இருப்பது என்பதே அம்முறை.

ஒற்றைப் பாதைக்கு இன்னும் கடுமையான காவல் தேவைப்பட்டது. 1874-இல் இங்கிலாந்தின் நாரிச் அருகே தார்ப் என்னுமிடத்தில் தந்திச் செய்தி ஒன்று தவறாகச் சென்றதால் இரண்டு இரயில்கள் நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தனர். அதன்பின் எட்வர்ட் டையர் உருவாக்கிய கருவியில் இரண்டு நிலையங்களிலும் பெட்டிகள் இருக்கும். ஒரு பெட்டியிலிருந்து டோக்கன் ஒன்றை எடுத்துவிட்டால் இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். டோக்கன் கையில் இல்லாத ஓட்டுநர் அந்தப் பாதையில் நுழையக்கூடாது. நம் நாட்டு இரயில்வேயும் இம்முறையைப் பயன்படுத்தியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மலாயா இரயில்வேயில் நிலைய அதிபர்களாகப் பணியாற்றிய தமிழர்கள் பலருக்கு இது அன்றாடக் கடமை. சிங்கப்பூர் புக்கிட் தீமா நிலையத்தில் ஓடும் எஞ்சினுக்கும் நடைமேடைக்கும் இடையே கையால் டோக்கன் மாற்றும் காட்சி 2011 ஜூன் மாதம் வரை நீடித்தது. ஜூன் 30 அன்று தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி வண்டி புறப்பட்டதோடு அது முடிவுக்கு வந்தது.

மாதிரி இரயில்காரர்கள் இந்தக் கட்டத்தைக் கடன் வாங்கினார்கள். தண்டவாளத்தை ஆங்காங்கே வெட்டி இடைவெளி விட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கம்பி இழுத்து, ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சுவிட்ச் பொருத்தினார்கள். சுவிட்ச் நடுவில் இருந்தால் மின்சாரம் இல்லை. மேலே தள்ளினால் முதல் கட்டுப்பாட்டுப் பெட்டி, கீழே தள்ளினால் இரண்டாவது. ஓட்டுநர் தம் வண்டிக்கு முன்னால் உள்ள கட்டத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டே போக வேண்டும், கடந்து வந்த கட்டத்தை விட்டுவிட வேண்டும். அமெரிக்காவில் 'மாடல் ரெயில்ரோடர்' இதழின் லின் வெஸ்ட்காட் இத்தகைய கம்பி இணைப்புகளை எளிய மொழியில் விளக்கி ஒரு தலைமுறைக்கே ஆசானாக விளங்கினார்.

ஆனால், பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் தலைகீழ். உண்மையான இரயிலில் ஆற்றல் ஓட்டுநரிடம் இருக்கிறது, கட்டம் அவருக்கு அனுமதி மட்டுமே தருகிறது. மாதிரி இரயிலில் கட்டம்தான் ஆற்றலே. சுவிட்சை அணைத்தால் வண்டி நின்றாக வேண்டும், மீறிப் போக வழியே இல்லை. இன்னொரு வியப்பும் உண்டு. நேர்த்திசை முறையில் திசை என்பது தண்டவாளத்தைச் சார்ந்தது. எஞ்சினை எந்தப் பக்கம் முகம் பார்த்து வைத்தாலும் ஒரே கட்டத்தில் இருக்கும் இரண்டு எஞ்சின்களும் ஒரே திசையில்தான் நகரும். நேருக்கு நேர் முட்டிக்கொள்ள நினைத்தாலும் ஒரு கட்டத்திற்குள் அது நடவாது. அன்று குறையாகத் தெரிந்த ஒன்று உள்ளூர ஒரு காவலாகவும் இருந்திருக்கிறது. இதை அப்போது நான் கவனிக்கவில்லை. பின்னர் ஒரு விபத்துதான் கற்பித்தது.

மேசைக்கு அடியில் ஓர் உலகம்

கட்டங்கள் கூடக் கூடச் சுவிட்சுகள் கூடும், கம்பிகள் பெருகும். ஒரு கட்டத்தில் வண்டி ஓட்டுவதைவிடச் சுவிட்ச் தட்டுவதே வேலையாகிவிடும். இந்தச் சிக்கலை உலகிலேயே மிகுந்த ஆர்வத்தோடு அணுகியவர்கள் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்கள் என்பேன்.

அங்கு 1946-இல் தொடங்கிய மாதிரி இரயில் கழகம், போர்க்காலத்தில் தற்காலிகமாகக் கட்டப்பட்ட 20-ஆம் எண் கட்டடத்தில் இயங்கியது. உறுப்பினர்களில் இரண்டு வகை. ஒரு சாரார் மேசைக்கு மேலே மலையும் ஊரும் செய்தார்கள். இன்னொரு சாரார் மேசைக்குக் கீழே தவழ்ந்தார்கள்! சமிக்ஞை மற்றும் மின்சாரத் துணைக்குழு என்பது அவர்கள் பெயர். தொலைபேசி நிலையங்களில் பயன்படும் ரிலே கருவிகள் அவர்களுக்கு நன்கொடையாக வந்து சேர்ந்தன. அவற்றைக் கொண்டு, தொலைபேசியில் எண் சுழற்றுவதுபோல் சுழற்றி, தமக்கு வேண்டிய கட்டத்தைத் தம் கட்டுப்பாட்டுக்குள் எடுக்கும் முறையைக் கட்டினார்கள். பலர் ஒரே நேரத்தில் பல வண்டிகளை ஓட்டலாம்.

அந்த மாணவர்கள் தங்கள் பேச்சுவழக்குச் சொற்களை 1959-இல் ஓர் அகராதியாகவே தொகுத்தார்கள். பீட்டர் சாம்சன் தொகுத்த அதில் 'ஹேக்' என்ற சொல் இடம்பெற்றது. கணினித் துறையின் 'ஹேக்கர்' என்னும் சொல் அந்த இரயில் மேசைக்கு அடியிலிருந்து கிளம்பியதுதான். அதே மாணவர்கள் சிலர் டி.எக்ஸ்-0 என்ற கணினியிடம் போனார்கள், பிறகு பி.டி.பி.-1 கணினியிடம் போனார்கள். 1962-இல் உருவான 'ஸ்பேஸ்வார்' என்ற கணினி விளையாட்டுக்குக் கைப்பெட்டிகள் தேவைப்பட்டபோது இரயில் கழகத்தின் உதிரிப்பாகங்களைக் கொண்டே ஆலன் கோடோக்கும் பாப் சாண்டர்ஸும் செய்து கொடுத்தார்கள். ஸ்டீவன் லெவி 1984-இல் எழுதிய 'ஹேக்கர்ஸ்' நூல் இக்கதையோடுதான் தொடங்குகிறது. 20-ஆம் எண் கட்டடம் 1998-இல் இடிக்கப்பட்டது.

புறப்பாட நடவடிக்கையை நேர விரயம் என்று எண்ணும் பெற்றோரிடம் நான் இக்கதையைச் சொல்வதுண்டு. அவர்கள் புன்னகைத்துவிட்டுக் கணிதப் புள்ளிகளைப் பற்றிக் கேட்பார்கள். போகட்டும்.

எஞ்சினுக்கு ஒரு பெயர்

எம்.ஐ.டி. மாணவர்கள் எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும் கட்டளை தண்டவாளத்திற்குத்தான் போனது. இன்னொரு சிந்தனை வேறு பக்கத்தில் வளர்ந்தது. தடம் முழுவதும் எப்போதும் மின்சாரம் இருக்கட்டும், எஞ்சினுக்குள் ஒரு காது வைப்போம், பெயர் சொல்லி அழைப்போம், தன் பெயர் கேட்டால் மட்டும் அது கீழ்ப்படியட்டும்.

1946-இல் லயனல் தண்டவாளத்தின் வழியாக வானொலி அலைகளை அனுப்பிப் பெட்டிகளைக் கழற்றவும் ஊதல் ஒலிக்கவும் செய்தது. விலை கூடுதல், சில ஆண்டுகளில் மறைந்தது. 1960-களின் முற்பகுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் 'ஆஸ்ட்ராக்' ஐந்து எஞ்சின்களுக்கு ஐந்து அலைவரிசைகளை ஒதுக்கியது. 1979 டிசம்பர் முதல் 'மாடல் ரெயில்ரோடர்' இதழில் 16 எஞ்சின்களுக்கான சி.டி.சி.-16 என்ற முறையை வாசகர்களே வீட்டில் செய்துகொள்ளும்படி வெளியிட்டார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் ஹார்ன்பியின் 'ஜீரோ 1' வந்தது. நான்கு பிட் நுண்செயலி, 16 எஞ்சின்கள், 99 துணைக்கருவிகள். தண்டவாளத்தில் சிறிது அழுக்குப் படிந்தாலும் எஞ்சினின் காது கேளாமல் போய்விடும் என்பது அதன் குறை.

மெர்க்லின் 1985-இல் தன் டிஜிட்டல் முறையை வெளியிட்டது. 80 எஞ்சின்களுக்கு எண் கொடுக்கலாம். ஆனால், ஒவ்வொரு நிறுவனத்தின் மொழியும் வேறு. ஒருவரின் எஞ்சினுக்கு இன்னொருவரின் பெட்டி பேசுவது விளங்காது. ஜெர்மனியின் கீசன் நகரில் பெர்ன்ட் லென்ஸ் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்காவின் தேசிய மாதிரி இரயில் சங்கம் 1994-இல் பொதுத் தரம் ஒன்றை வகுத்தது. அதுதான் இன்று டி.சி.சி. எனப்படுவது. எவர் செய்த எஞ்சினும் எவர் செய்த பெட்டியின் சொல்லையும் கேட்கும். என் கணிப்பில் இந்த வரலாற்றின் மிகப் பெரிய நிகழ்ச்சி இதுவே. கருவியைவிடப் பொதுமொழி பெரிது என்பதைத் தமிழ் எழுத்துருக் குழப்பங்களில் அல்லலுற்ற நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆளுக்கொரு எழுத்துரு வைத்துக்கொண்டு ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியாமல் தவித்தோமே, அதே கதைதான்!

இம்முறை வேலை செய்யும் விதம் எளிமையானது. தண்டவாளத்தின் இரு முனைகளும் விநாடிக்குப் பல ஆயிரம் முறை இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு பாதி 58 மைக்ரோ விநாடி நீண்டால் அது 1, ஏறத்தாழ 100 மைக்ரோ விநாடியோ அதற்கு மேலோ நீண்டால் 0. இந்த 0, 1 வரிசையில் எஞ்சினின் எண்ணும் கட்டளையும் அடங்கும். எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் தன் எண் வந்தால் மட்டும் மோட்டாருக்கு மின்சாரம் விடும். ஆற்றலும் செய்தியும் ஒரே கம்பியில் செல்கின்றன. சாவி கொடுத்த காலத்தில் எஞ்சினுக்குள் இருந்த தன்னுரிமை ஒரு நூற்றாண்டு கழித்து அதனிடமே திரும்பியது.

மேசைப்பந்து மேசையில் ஒரு விபத்து

சரி, எங்கள் மேசைக்கு வருவோம்.

முதல் தவணையில் பழைய முறையையே தேர்ந்தேன். ஆறு கட்டங்கள், ஆறு சுவிட்சுகள், இரண்டு கட்டுப்பாட்டுப் பெட்டிகள். செலவு குறைவு என்பது ஒரு காரணம். மாணவர்கள் மின்சுற்றைக் கண்ணால் காணலாம் என்பது இன்னொன்று. சிறு விளக்கைத் தண்டவாளத்தில் வைத்து, இந்தச் சுவிட்சைத் தட்டினால் இங்கே எரிகிறது என்று கண்டுகொண்டார்கள். அறிவியல் பாடம் அந்த மேசையில் தானாகவே நடந்தது.

ஆனால், ஒரு சலிப்பும் வந்தது. பிள்ளைகள் வண்டியைப் பார்க்காமல் சுவிட்ச் பலகையையே பார்த்தார்கள். ஒருவன் கட்டத்தை விட மறந்தால் மற்றவனின் வண்டி இவன் கைக்கு வந்துவிடும். "என் வண்டிய நீ ஏன் ஓட்டுற?" என்ற வழக்கு வாரந்தோறும் என்னிடம் வந்தது. மூன்றாம் தவணையில் நண்பர் ஒருவரிடமிருந்து டி.சி.சி. பெட்டியும் டிகோடர் பொருத்திய இரண்டு எஞ்சின்களும் இரவலாகக் கிடைத்தன. எல்லாச் சுவிட்சுகளையும் ஒரே பக்கம் தள்ளி, தடம் முழுவதையும் அந்தப் பெட்டியோடு இணைத்தோம். அந்த மாணவன் எண் 3-ஐ நிறுத்தி எண் 5-ஐ மட்டும் ஓட்டினான். கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. டி.சி.சி. முறையில் முன்னே என்றால் எஞ்சினின் முகம் பார்க்கும் திசை. எதிரெதிராக வைத்த இரண்டு எஞ்சின்களுக்கும் இரு ஓட்டுநர்களும் முன்னே என்று கட்டளையிட்டார்கள். ஒற்றைத் தடத்தில் நேருக்கு நேர் மோதின. ஒன்று மேசையிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்தது. கொக்கியும் முன்சக்கரங்களும் உடைந்தன. ஓட்டிய சிறுமி அழுதுவிட்டாள். இரவல் பொருள் ஆயிற்றே என்று எனக்கும் நெஞ்சு அடைத்தது. எஞ்சினைப் பழுது பார்க்கும் செலவை நானே ஏற்றுக்கொண்டேன், அது வேறு கதை.

அன்றிரவுதான் வரலாறு எனக்கு வேறு முகம் காட்டியது. கம்பிகள் குறைந்தன, ஆனால் அந்தக் கம்பிகள் செய்துவந்த காவல் வேலை எங்கே போயிற்று? அது ஓட்டுநரின் தலைமீது ஏறியிருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையின் தலைமீது! பெரிய இரயில்களிலும் இதே கேள்விதான். 1998-இல் திறந்த கிளானா ஜெயா இலகு இரயில் தடத்தில் நிலையான கட்டங்கள் இல்லை. ஒவ்வொரு வண்டியின் இடத்தையும் கணினி கணக்கிட்டு இடைவெளி காக்கிறது. 2021 மே 24 அன்று அத்தடத்தில் மனிதர் கையால் ஓட்டப்பட்ட காலி இரயில் ஒன்று, கே.எல்.சி.சி. நிலையத்திற்கும் கம்போங் பாரு நிலையத்திற்கும் இடையே பயணிகள் இரயிலோடு மோதியது. இருநூறுக்கும் மேற்பட்ட பயணிகள் காயமுற்றனர்.

சங்கத்திடம் நான் அளித்த முடிவு இதுதான். டி.சி.சி. முறைக்கே மாறுவோம். ஆனால், வெட்டிய இடைவெளிகளை மூட வேண்டாம், சுவிட்சுகளைக் கழற்ற வேண்டாம். ஏதேனும் ஒரு கட்டத்தில் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் அதை மட்டும் அணைத்துக் கண்டுபிடிக்க அவை உதவும். பணமில்லாத ஆண்டில் பழைய எஞ்சின்களைப் பழைய முறையில் ஓட்டவும் உதவும். இரண்டு கம்பி போதும் என்ற விளம்பரப் பேச்சை நம்பாமல், மேசைக்கு அடியில் நீளவாக்கில் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி இரண்டு இழுத்து, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனித்தனியே கிளைக்கம்பி கொடுத்தோம். தண்டவாள இணைப்புத் தகடுகளை நம்பினால் மூலையில் மின்னழுத்தம் குறையும், செய்தியும் மங்கும். முடித்தபின் ஐம்பது சென் நாணயத்தைத் தடத்தின் ஒவ்வோர் இடத்திலும் குறுக்கே வைத்துப் பார்த்தோம். வைத்தவுடன் பெட்டி தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு இடங்களில் அணையவில்லை. அங்கே கம்பியை மீண்டும் பற்றவைத்தோம். அணையாமல் விட்டிருந்தால் ஐந்து ஆம்பியர் மின்னோட்டம் தொடர்ந்து பாய்ந்து நெகிழியை உருக்கியிருக்கும்.

ஒற்றைத் தடத்திற்கு என்ன செய்வது என்று பிள்ளைகளிடமே கேட்டேன். புக்கிட் தீமா நிலையத்தின் படத்தைக் காட்டியிருந்தேன், வேறெதுவும் சொல்லவில்லை. மறுவாரம் அழுத அந்தச் சிறுமி ஐஸ்கிரீம் குச்சி ஒன்றுக்குச் சிவப்பு வண்ணம் பூசிக் கொண்டுவந்தாள். மேசையின் இரு முனைகளிலும் ஆணி அடித்திருக்கிறோம். குச்சி கையில் இல்லாதவர் ஒற்றைத் தடத்தில் நுழையக்கூடாது. வண்டி கடந்ததும் குச்சியை மறுமுனை ஆணியில் மாட்ட வேண்டும்.

போன வாரம் ஒருவன் குச்சியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் நடவடிக்கை நேரம் முழுவதும் ஒற்றைத் தடத்தில் ஒரு வண்டியும் ஓடவில்லை. வேறு குச்சிக்கு வண்ணம் பூசிக்கொள்ளலாமா என்று நான்தான் கேட்டேன். "கூடாது ஐயா, அப்புறம் ரெண்டு குச்சி ஆயிடும்" என்றாள் அவள்.